அசையாத படம் போதும்: சயின்ஸ் ஃபிக்‌ஷன் விஷுவல் நாவல் பத்தி கொஞ்சம் நீளமா

ஸ்டைன்ஸ் கேட்னு ஒரு ஜப்பான் விஷுவல் நாவல், அதாவது நகராத படமும் எழுத்துமா கதை சொல்ற கேம். அது ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆகறதுக்குள்ளயே ஒரு இடம் வரும். கதாநாயகன் ஒகாபே ரின்தாரோ டோக்கியோவோட அகிஹபரா தெருவுல நின்னுக்கிட்டு ஃப்ரெண்டுக்கு ஒரு மெயில் அனுப்புவான், அனுப்புன அந்த நொடியில தெருவுல இருந்த ஜனம் மொத்தமும் காணாம போயிடும். யாரும் ஓடல, புகையா கரையல. இருந்தாங்க, இப்ப இல்ல. அவ்வளவுதான்.

இதை அசையுற படமா எடுக்கணும்னா எடுக்கறவர் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தாகணும், ஆளுங்க எப்படி போனாங்க, மெல்ல மங்கிப் போனாங்களா, ஒரே கட்டுல போனாங்களா, அந்த நேரம் கேமரா எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு, இப்படி. ஸ்டில் படத்துல இந்தக் கேள்வியே எழாது. ஒரு படம், அப்புறம் இன்னொரு படம், ரெண்டுக்கும் நடுவுல எதுவும் கிடையாது. அந்தக் கதையில உலகக் கோடு மாறுறதுன்னு ஒண்ணு வருது, கடந்த காலத்துல சின்னதா எதையாவது மாத்துனா உலகமே வேற ஒண்ணா ஆயிடும், மாறுனது யாருக்கும் தெரியாது, ஒகாபேவுக்கு மட்டும் பழைய உலகம் ஞாபகத்துல தங்கிடும். இந்த மாதிரி ஒரு விஷயத்தைச் சொல்ல ரெண்டு ஸ்டில் படத்தை விட பொருத்தமான கருவி எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. காசு இல்லாம நகராத படத்தை வச்சு ஒப்பேத்துறாங்கன்னு விஷுவல் நாவலைப் பத்திச் சொல்றவங்க நிறைய பேரு. சயின்ஸ் ஃபிக்‌ஷன் விஷுவல் நாவல் விஷயத்துல இதை நான் ஒத்துக்கவே மாட்டேன், அதுக்காகத்தான் உக்காந்து இவ்வளவு எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடறேன், ஸ்டைன்ஸ் கேட்டோட முடிவு வரைக்கும் பேசப் போறேன். இன்னும் விளையாடாதவங்க, விளையாடற எண்ணம் இருந்தா, இதை எடுத்து வச்சுட்டு அதை முடிச்சுட்டு வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

விஷுவல் நாவல்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக கொஞ்சம். ஸ்க்ரீன் முழுக்க ஒரு பேக்ரவுண்ட் படம் இருக்கும், தெருவோ ரூமோ ஸ்கூலோ. அதுக்கு மேல பேசுற ஆளோட படம் வந்து நிக்கும், இடுப்பு வரைக்கும் இல்லேன்னா முட்டி வரைக்கும், இதை ஸ்ப்ரைட்னு சொல்லுவாங்க. கீழ ஒரு பெட்டிக்குள்ள எழுத்து ஓடும், ஒவ்வொரு வரி முடிஞ்சதும் பட்டனைத் தட்டுனா அடுத்த வரி. கதையோட முக்கியமான கட்டம் வரும்போது பேக்ரவுண்டு, ஸ்ப்ரைட் எல்லாம் போயிட்டு அந்த ஒரு தருணத்துக்குன்னே வரைஞ்ச முழுப்படம் ஒண்ணு வரும், அதை ஈவென்ட் சிஜி, சுருக்கமா சிஜின்னு சொல்றது வழக்கம். முப்பது நாப்பது மணி நேரம் ஓடற கேம்ல இந்தப் படங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஸ்ப்ரைட்டுல உடம்பு ஒண்ணுதான், புருவம், கண்ணு, வாய் மட்டும் மாத்தி மாத்தி ஒட்டுவாங்க, சிரிப்பு ஒண்ணு, கோவம் ஒண்ணு, வெக்கம் ஒண்ணு.

இந்த ஸ்ப்ரைட்டு விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா ஸ்டைன்ஸ் கேட் என்னை அடிச்சுப் போட்டது சிஜியில இல்ல, ஒரு சாதாரண ஸ்ப்ரைட்டுல. மயூரின்னு ஒரு பொண்ணு, ஒகாபேவோட சின்ன வயசு தோழி, தொப்பி போட்டுக்கிட்டு "துத்துரூ"ன்னு சொல்லிட்டு ஒகாபேவோட லேபுக்குள்ள வருவா. கதை பாதி தாண்டுனதும் அவ செத்துப் போறா. ஒகாபே நேரத்துல பின்னாடி தாவி வந்து காப்பாத்தப் பாக்கறான், மறுபடியும் சாவு வருது, வேற இடத்துல, வேற விதத்துல. மறுபடியும் தாவுறான். ஒவ்வொரு தடவை அவன் பின்னாடி வந்து சேரும்போதும் லேபு அப்படியே இருக்கு, மயூரி அங்க நிக்கறா, சிரிச்சுக்கிட்டு.

அது அதே படம். கதை ஆரம்பத்துல பாத்த அதே ஃபைல், ஒரு கோடு கூட மாத்தல. அனிமேஷன்ல அதே சிரிப்பை மறுபடி வரைஞ்சா அது அதே மாதிரியான இன்னொரு சிரிப்பு. இங்க அது அதே சிரிப்பு. அவளுக்கு எதுவும் நடக்கல, அவளைப் பொறுத்தவரைக்கும் அந்த நாள் இன்னும் வரவே இல்ல, அதனால அவ முகத்துல ஒண்ணும் மாறியிருக்கக் கூடாது, மாறவும் இல்ல. மாறுனது ஒகாபேவும் நானும்தான். முதல் அத்தியாயத்துல அந்த சிரிப்பைப் பாத்து சரி அடுத்து என்னன்னு பட்டனைத் தட்டிட்டு போனேன், இப்ப அதே சிரிப்பைப் பாத்துட்டு தட்ட மனசு வராம உக்காந்திருந்தேன். செலவை மிச்சம் பண்றதுக்காக ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப போடுற பழக்கம் இந்தத் துறையில எப்பவும் இருக்கு, அந்தப் பழக்கத்தை எடுத்து ஒரு கால வளையக் கதைக்கு நடுவுல வச்சதும் அதுக்கு வர்ற கனம் வேற. ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழுறவனுக்கு உலகம் எப்படித் தெரியும்? இப்படித்தான் தெரியும், ஒவ்வொருத்தரும் அதே இடத்துல, அதே முகத்தோட.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா, ஆரம்பத்துல கட்டாயத்துலதான் வந்துச்சு, அதை மறைக்கவும் வேண்டாம். 1980கள் கடைசியில இருந்து 90கள் நடுப்பகுதி வரைக்கும் ஜப்பான்ல என்இசி கம்பெனியோட பிசி-98 கம்ப்யூட்டர்தான் ராஜா. 640க்கு 400 புள்ளி ஸ்க்ரீன், 4096 கலர்ல இருந்து ஒரு நேரத்துக்கு 16 கலர் மட்டும் எடுத்துக்கலாம். அந்தக் காலத்து வீட்டு கம்ப்யூட்டருக்கு இது நல்ல ரெசல்யூஷன், காரணம் என்னன்னா ஜப்பான்காரங்க எழுதற கான்ஜி எழுத்துல கோடுங்க அவ்வளவு நெருக்கமா இருக்கும், புள்ளி கம்மியா இருந்தா படிக்கவே முடியாது. ஆக, எழுத்து தெளிவாத் தெரியணும்னு பண்ணுன ஸ்க்ரீன் படத்துக்கும் உதவுச்சு, மெல்லிசான கோடு வரைய முடிஞ்சுது, கலர் மட்டும் 16. அதனால ஓவியருங்க ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி ரெண்டு கலரை மாத்தி மாத்தி வச்சு, இல்லாத மூணாவது கலரை இருக்கற மாதிரி கண்ணுக்குக் காட்டுனாங்க. ராத்திரி வானம், ஈரமான ரோடு, நியான் விளக்கு, இரும்புச் சுவரு, சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு என்னென்ன வேணுமோ அதெல்லாம் அந்தப் புள்ளிக் கலவையில பிரமாதமா வரும். இந்தப் படங்களை இப்பப் பாத்தாலும் எனக்கு வியப்பா இருக்கு, ஏன்னா ஒவ்வொரு புள்ளியையும் ஒருத்தர் அங்க வைக்கணும்னு முடிவு பண்ணி வச்சிருக்காரு.

மொத்தமும் ஃப்ளாப்பியில அடங்கணும், ஒரு டிஸ்க்குக்கு 1.2 எம்பி. அசையுற படத்துக்கு அதுல இடமே கிடையாது. ஹிதேயோ கொஜிமாங்கற கேம் டைரக்டர் 1988ல பண்ணுன ஸ்நாட்சர் அதை விடத் திறன் கம்மியான பிசி-8801, எம்எஸ்எக்ஸ்2 மெஷின்கள்ல வந்துச்சு, எதிர்காலத்து கோபே நகரம், மனுஷங்க மாதிரியே வேஷம் போட்டுத் திரியுற ரோபோக்கள், எல்லாம் சின்னச் சின்னப் படங்களாவும் எழுத்தாவும்தான். 1996ல எல்ஃப் கம்பெனி பிசி-98க்கு விட்ட யூ-நோ வந்துச்சு, பெரியவங்களுக்கான கேம், ஹிரோயுகி கன்னோ எழுதுனது. இணை உலகங்களை ஒரு வரைபடமா போட்டு, கிளையில இருந்து கிளைக்குத் தாவலாம்னு வச்சிருப்பாரு. ஒரே இடத்துக்கு வேற வேற கிளை வழியா வருவோம், இடத்தோட படம் அதேதான், நமக்குத் தெரிஞ்சது மட்டும் கூடியிருக்கும். ஸ்டைன்ஸ் கேட் பிற்பாடு பண்ணுன வேலையோட வேர் இங்க இருக்குன்னு நான் நினைக்கறேன்.

சரி, ஸ்டைன்ஸ் கேட்டுக்கு வருவோம். 2009 அக்டோபர்ல எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்துச்சு, 5பிபி, நைட்ரோபிளஸ்னு ரெண்டு கம்பெனி சேந்து பண்ணுனது. அந்த நேரத்துல ஸ்டில் படம்ங்கறது கட்டாயமே இல்ல, எக்ஸ்பாக்ஸ் 360ல எப்பேர்ப்பட்ட 3டியும் ஓடும். ஆளுங்களை வரைஞ்சது ஹூகேங்கற ஓவியர். அந்தக் காலத்து விஷுவல் நாவல் பெரும்பாலும் பளபளப்பா, கோடு சுத்தமா, கலர் மிட்டாய் கணக்கா இருக்கும். ஹூகே படத்துல அந்தப் பளபளப்பே கிடையாது. தோலு மேலயும் துணி மேலயும் தூசி படிஞ்ச மாதிரி ஒரு சொரசொரப்பு, பழுப்பும் சாம்பலும் கலந்த பச்சையும், கோட்டை விட்டு வெளிய வழியுற நிழல், கண்ணு மட்டும் வளையம் வளையமா கூர்மையா இருக்கும், பாக்கற ஆளை விடாது. முதல்ல பாக்கறப்ப அழகா இருக்குன்னு சொல்லத் தோணாது, ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் உள்ள இருந்தா அந்தச் சரியில்லாததுதான் அந்தக் கதையோட காத்துன்னு புரியும். அவங்க லேபு ஒரு பழைய டிவி ரிப்பேர் கடைக்கு மேல இருக்கு, கடையில முழுக்க பிக்சர் டியூப் டிவிங்க, வெளிய ஜூலை மாசத்து வெயில், உள்ள ஏசி இல்ல, மைக்ரோவேவ் அடுப்புல செல்போனை இணைச்சு கடந்த காலத்துக்கு மெயில் அனுப்புறாங்க. புது ஸ்பேஸ்ஷிப் மாதிரி மினுங்குற படம் இதுக்கு ஒட்டவே ஒட்டாது. கை பட்டு, வேர்வை பட்டு, கொஞ்சம் கெட்டுப்போன சிக்னல்ல தெரியுற மாதிரியான படம்தான் ஒட்டும்.

பேக்ரவுண்டு பத்தியும் சொல்லியாகணும். கதை நடக்கறது 2010 கோடையில, நிஜ அகிஹபராவுல. கதை தொடங்குற ரேடியோ கைகான் கட்டடம் நிஜமாவே ஸ்டேஷன் பக்கத்துல 1962ல இருந்து நின்ன கட்டடம், எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள்ல ஆரம்பிச்சு பிற்பாடு மாடல், ஃபிகர், கார்டுன்னு மாடிமாடியா கடைங்க. கதையில அதோட மேல்மாடியில செயற்கைக்கோள் மாதிரி ஒண்ணு மோதி செருகிட்டு நிக்கும். 2011ல அந்தக் கட்டடத்தை இடிக்க முடிவாச்சு, இடிக்கறதுக்கு முன்னாடி கதையில வர்ற மாதிரியே ஒரு பொம்மை செயற்கைக்கோளை மேல பொருத்தி வச்சாங்க. புதுக் கட்டடம் 2014ல திறந்தாச்சு. ஆக 2009ல விளையாடினவங்களுக்கு அந்தப் படம் அடுத்த வருஷத்துக் கோடை, இப்ப விளையாடறவங்களுக்கு இல்லாமப் போன கட்டடம், மடக்குற செல்போன், பிக்சர் டியூப் டிவி. நேரப்பயணக் கதைக்கு இதை விட என்ன வேணும். கதையைத் திறந்தாலே நாம ஒரு பழைய கோடைக்குள்ள போய் நிக்கறோம், அங்க எதுவும் அசையல, யாரும் அதுக்கப்புறம் வயசாகல.

இப்ப முடிவுக்கு வர்றேன், எனக்கு இந்த விஷயத்துல இருக்கற மொத்தப் பிடிவாதமும் இங்க இருந்துதான் வருது.

கதை தொடக்கத்துல ஒகாபே ரேடியோ கைகானுக்குள்ள ஒரு அலறல் கேட்டு ஓடுறான், அங்க மக்கிசே குரிசுங்கற இளம் விஞ்ஞானி இரத்தத்துல கிடக்கறா. சிஜி வருது. பாத்துட்டு அவன் ஓடி வெளிய வந்துதான் அந்த மெயிலை அனுப்புறான், அதுல இருந்துதான் எல்லாமே. மயூரியைக் காப்பாத்த அவன் தேடிப் போற வழி கடைசியில அவனை குரிசு செத்துப்போன உலகத்துக்கே கொண்டு வந்து விடுது. அப்ப பதினஞ்சு வருஷம் கழிச்சு இருக்கற அவனே ஒரு வீடியோ மெயில் அனுப்பியிருக்கான். அவன் சொல்றது என்னன்னா, நீ குரிசுவைக் காப்பாத்தலாம், ஆனா அன்னைக்கு நீ கண்ணால பாத்ததை மட்டும் மாத்தாதே. இரத்தத்துல கிடக்கற குரிசுவை அன்னைய ஒகாபே பாத்தே ஆகணும். அவ உயிரோட இருக்கலாம், ஆனா காட்சி அதே காட்சியா இருக்கணும். முன்ன இருந்த உன்னை ஏமாத்து, அதோட சேத்து உலகத்தையும் ஏமாத்து.

இதை நான் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. ஏன்னா அன்னைக்கு ஒகாபே பாத்தது என்ன? கொஞ்ச நேரம், ஒரு காட்சி. நான் பாத்தது என்ன? ஒரே ஒரு ஸ்டில். அவ மூச்சு விடுறாளா இல்லையான்னு அந்தப் படத்துல கிடையாது, இருக்கவும் முடியாது, நகராத படத்துல மூச்சு எப்படித் தெரியும். செத்துட்டான்னு முடிவு பண்ணுனது அவன், கூடவே நானும். முப்பது மணி நேரத்துக்கு மேல ஒரு படத்தை ஒரு சாவுன்னு நம்பிட்டு இருந்திருக்கேன், அந்த நம்பிக்கை மேலதான் மொத்தக் கதையும் நிக்குது. கடைசி அத்தியாயத்துல ஒகாபே செய்யறது ஒரு சிஜியைத் தயார் பண்ற வேலைன்னே சொல்லலாம், ஆளை மயக்கமாக்கி, தரையில படுக்க வச்சு, கொண்டு வந்த போலி இரத்தம் காஞ்சு போயிருக்க, சொந்த உடம்புல இருந்து இரத்தத்தை வர வச்சு, அந்தப் பழைய படம் வர்ற மாதிரி ஏற்பாடு பண்றான். படம் மாறாம உண்மை மாறுது.

கதையும் படமும் இப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கறது அபூர்வம். இந்த முடிவு அனிமேஷன்ல வேலை செய்யாதான்னு கேட்டா, செய்யுது, 2011ல ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டுடியோ எடுத்த டிவி சீரிஸ்ல அழகாவே செய்யுது, நானும் ரசிச்சுத்தான் பாத்தேன். ஆனா அங்க மத்த எல்லாமே அசையும், அந்த ஒரு காட்சி மட்டும் நிக்கும். கேம்ல நாம முதல் நிமிஷத்துல இருந்தே ஒவ்வொரு படத்தையும் நிஜம்னு எடுத்துக்கற பழக்கத்துல இருக்கோம், அந்தப் பழக்கத்தையே கதை கையில எடுத்துக்குது.

அப்புறம் 2018ல ஸ்டைன்ஸ் கேட் எலீட்னு ஒண்ணு வந்துச்சு. ஹூகே வரைஞ்ச ஸ்ப்ரைட்டு, சிஜி எல்லாத்தையும் எடுத்துட்டு, அந்த டிவி சீரிஸ் காட்சிகளை வச்சு, சீரிஸ்ல இல்லாத பகுதிகளுக்குப் புதுசா அனிமேஷன் பண்ணி, மொத்தக் கேமையும் அசைய வச்சுட்டாங்க. உழைப்பு பெருசு, அதுல சந்தேகமே இல்ல, விஷுவல் நாவல் பக்கமே வராத சில பேரை அது உள்ள இழுத்துட்டும் வந்துச்சு, சந்தோஷம். ஆனா நான் அதை ஓட்டிப் பாத்தப்ப கதை என்னை விட்டுத் தள்ளிப் போன மாதிரி இருந்துச்சு. ஏன்னு ரொம்ப நாளு யோசிச்சேன். ஸ்டில்லுல ஒரு வரியை நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்கலாம். குரிசு ஏதோ சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கறா, அந்த வரி மேல நான் அரை நிமிஷம் நின்னேன்னா அவளும் அரை நிமிஷம் அப்படியே நிப்பா, அந்த அமைதியோட நீளத்தை நான் தீர்மானிக்கறேன். எலீட்டுல அந்த வரிக்குன்னு அசைவு ஓடி முடிஞ்சுடும், அவ திரும்பிட்டா, தலை குனிஞ்சுட்டா, காரியம் முடிஞ்சுது, அதுக்கப்புறம் நான் அங்க நின்னா அது நான் தாமதமா இருக்கற மாதிரி ஆயிடுது. அந்த மௌனம் எவ்வளவு நேரம்னு ஏற்கெனவே வேற யாரோ முடிவு பண்ணிட்டாங்க. நேரத்தை யாரு கையில வச்சிருக்காங்கங்கறதைப் பத்தின கதையில, வாசகன் கையில இருந்த நேரத்தைப் பிடுங்கிட்டா எப்படி?

குரலும் இருக்கே, குரல் நேரத்துல ஓடுதேன்னு ஒருத்தர் கேக்கலாம், நியாயமான கேள்வி. குரல் வாயில இருந்து வருது, முகம் நிக்குது, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைத்தான் நம்ம மனசு நிரப்புது. சத்தம் நடுங்கும்போது கண்ணுல தண்ணி இருக்கான்னு படம் சொல்லாது, நாமதான் வைக்கறோம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அளவுல வைப்போம்.

எல்லா ஸ்டில்லுக்கும் நான் வக்காலத்து வாங்கல. இந்தத் துறையில சோம்பேறித்தனமா போட்ட படங்கள் ஏராளம், எந்த ஊரு எந்தக் காலம்னு தெரியாத ஸ்கூல் வராந்தா, எந்தக் கதையில இருந்து எடுத்து எந்தக் கதையில ஒட்டுனாலும் ஒட்டிக்கற முகம். சில கதைக்கு அசைவு வேணும்ங்கறதும் உண்மை. 2012ல வந்த ரோபோடிக்ஸ் நோட்ஸ் ஸ்டைன்ஸ் கேட் இருக்கற அதே தொடர்ல வந்ததுதான், தனெகஷிமா தீவுல ஸ்கூல் பசங்க பெரிய ரோபோ ஒண்ணைக் கட்டுற கதை, ஆளுங்களை அதுல 3டி மாடலாக்கிட்டாங்க, தலை திரும்பும், கை ஆடும். இயந்திரம் நடக்கணும்ங்கற ஆசை பத்தின கதை அது, அங்க எனக்கு அது உறுத்தல. ஆனா கொடாரோ உச்சிகோஷிங்கற எழுத்தாளரோட ஸீரோ எஸ்கேப் தொடர் 2009ல கையால வரைஞ்ச படத்துல ஆரம்பிச்சு, 2012ல 3டி மாடலாகி, 2016ல முழுக்க சினிமா காட்சி மாதிரி ஆயிடுச்சு, அந்த மூணாவதுல பொம்மைங்க நடிக்கறதைப் பாக்கறதுலயே என் கவனம் போயிடுச்சு, கதை சொன்ன பயங்கரம் உள்ள எறங்கவே இல்ல.

உச்சிகோஷி எழுத்துல 2002ல கிட் கம்பெனி விட்ட எவர்17 இருக்கே, அதுல ஸ்டில்லு செய்யற வேலையே வேற. கடலுக்கடியில ஒரு தீம் பார்க், தண்ணி புகுந்து சில பேரு மாட்டிக்கறாங்க, ரெண்டு பேரோட பார்வையில கதையைப் படிக்கலாம். விஷுவல் நாவல்ல யாரோட கண்ணு வழியா பாக்கறோமோ அவரோட முகம் பொதுவா ஸ்க்ரீன்ல வராது, இது எல்லாருக்கும் பழகிப்போன ஒண்ணு, யாரும் கேள்வியே கேக்கறது இல்ல. அந்தக் கேக்காத கேள்வியிலதான் அந்தக் கதை தன்னோட பெரிய இரகசியத்தை ஒளிச்சு வச்சிருக்கு. இதுக்கு மேல சொன்னா பாவம், ஸ்டைன்ஸ் கேட்டையாவது ஊரே பேசிருச்சு, இதை அப்படியே விட்டுடறேன்.

கீ கம்பெனியோட பிளானடேரியன், 2004. இதுல கதை எப்படிப் போகணும்னு நாம தேர்ந்தெடுக்கற சாய்ஸ் கூட கிடையாது, படிச்சுட்டே போக வேண்டியதுதான், சில மணி நேரத்துல முடிஞ்சுடும். போருல அழிஞ்சு எந்நேரமும் மழை பெய்யற நகரம், ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் மாடியில கைவிட்டுப்போன கோளரங்கம், அங்க முப்பது வருஷமா வாடிக்கையாளருக்காகக் காத்துட்டு இருக்கற யுமெமின்னு ஒரு ரோபோ பொண்ணு. வழி தவறி உள்ள வந்த ஒருத்தன் பழுதாப் போன நட்சத்திர ப்ரொஜெக்டரை சரி பண்றான், வானம் மேல விரியுது. காட்சி நடுவுலயே கரண்டு போயிடுது. இருட்டு. அவன் கேட்டுக்கறதால அவ நிறுத்தாம நட்சத்திரங்களைப் பத்தி சொல்லிட்டே போறா, அவனுக்கு ப்ரொஜெக்டர் இல்லாமலே வானம் தெரியுது. படிக்கறவங்களுக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி ஈயிஜி கொமாட்சு வரைஞ்ச யுமெமி நம்மளைப் பாத்து அவ்வளவு நேரம் நின்னிருக்கா, அதனாலதான் இருட்டுலயும் அவ நிக்கற இடம் நமக்குத் தெரியுது.

ஜப்பானுக்கு வெளிய வந்ததுல எனக்கு நெருக்கமானது வால்ஹல்லா, 2016, வெனிசுவேலாவுல சுகெபான் கேம்ஸ்ங்கற சின்னக் குழு பண்ணுனது. பழைய பிசி-98 படங்களோட சாயலை வேணும்னே எடுத்துக்கிட்டவங்க. க்ளிட்ச் சிட்டிங்கற எதிர்காலத்து நகரம், ஊழல், நானோமெஷின், ரோபோ உடம்பு, எல்லாம் இருக்கு, ஆனா நாம ஜில்னு ஒரு பார்டெண்டர், கண்ணுக்கு முன்னாடி பெரும்பாலும் ஒரு பார் கவுண்டர்தான். வர்றவங்க உக்காந்து குடிச்சுக்கிட்டே வெளிய நடக்கறதைச் சொல்லுவாங்க. தெருவுல கலவரம்னு ஒருத்தர் சொல்லுவாரு, நமக்குத் தெரியறது அவரோட முகமும் பின்னாடி அதே பாட்டில் அலமாரியும்தான். பெரிய பெரிய கேம்கள் நூறு பேரை வச்சு நகரம் முழுக்க 3டியில கட்டி நம்மளைக் கார்ல ஓட்ட விடுறாங்க, ஓட்டி முடிச்சா அந்த ஊருல எனக்கு ஒரு ஆளைக் கூடத் தெரிஞ்சிருக்காது. க்ளிட்ச் சிட்டியில எந்தத் தெருவுலயும் நான் நடந்ததா ஞாபகம் இல்ல, ஆனா அங்க யாருக்கு என்ன கஷ்டம்னு தெரியும்.

2019ல ஸாக்ட்ரானிக்ஸ் விட்ட எலைஸாவையும் இந்த வரிசையில வைப்பேன். சியாட்டில் நகரம், மனசுக்குக் கஷ்டம்னு வர்றவங்களுக்கு ஒரு ஏஐ ஆலோசனை சொல்லும், அந்த வார்த்தையை வாசிக்கறதுக்குன்னு ஒரு மனுஷி உக்காந்திருப்பா, கண்ணுக்கு முன்னாடி வர்ற வரியை அப்படியே சொல்லணும், சொந்தமா ஒண்ணும் சேக்கக் கூடாது. எதிர்ல ஒருத்தர் உடைஞ்சு போய் பேசறாரு, நம்ம கையில இருக்கறது அடுத்த வரிக்கான பட்டன் மட்டும். விஷுவல் நாவல் வாசகனோட நிலைமையே அந்த வேலையோட நிலைமை. அங்க அந்த நகராத முகங்கள் எனக்குத் தாங்க முடியாத மாதிரி இருந்துச்சு, நாம சொல்ற தயாரிச்ச பதிலுக்கு அப்புறமும் அவங்க அப்படியே பாத்துட்டே இருக்காங்க.

இன்னொண்ணு, சிஜி கேலரி. கேம் முடிச்சதும் பாத்த படங்கள் எல்லாம் மெனுவுல வரிசையா சின்னக் கட்டமா வந்து உக்காந்திருக்கும், பாக்காதது காலியா இருக்கும். எனக்கு அதுல ஒட்டுதலே வரல. அங்க போய் குரிசுவோட படத்தைப் பெருசாக்கிப் பாத்தா அது நல்ல ஓவியம், அவ்வளவுதான். அதோட வலி அதுக்கு முந்தின முந்நூறு வரியில இருக்கு, பட்டனைத் தட்டித் தட்டி அங்க வந்து சேந்ததுல இருக்கு. இந்தப் படங்களை வால்பேப்பராவும் போஸ்டராவும் பாத்துட்டு இது சாதாரண அனிமே படம்தானேன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம் வராது, தனியாப் பாத்தா அப்படித்தான் தெரியும். எழுத்துக்குப் பக்கத்துல இருக்கறப்பதான் இது முழுசு.

அதனால விளையாட ஆரம்பிக்கறவங்களுக்கு, முதல்ல பிளானடேரியன் எடுங்க, ஒரு ராத்திரியில முடியும். அடுத்து ஸ்டைன்ஸ் கேட், எலீட் இல்ல, 2009ல வந்த கேமோட இங்கிலீஷ் பதிப்பு, பிசிக்கு 2014லயே வந்துடுச்சு. முதல் சில மணி நேரம் மெதுவாப் போகும், ஒகாபே கத்துறது எரிச்சலாக் கூட இருக்கும், விட்டுடாதீங்க, அந்த வெட்டிப் பேச்சு நேரத்துலதான் மயூரியோட சிரிப்பு உங்களுக்குப் பழகணும். வரி தானா ஓடற ஆட்டோ மோடை ஆஃப் பண்ணி வைங்க, வரியை நீங்களே தட்டுங்க. முடிச்சுட்டு முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க, ரேடியோ கைகான் படிக்கட்டுல ஒகாபே ஏறுற இடத்துல இருந்து.